எட்டு மணிக்குள் ஓர் இறால் பெரட்டல்

ஆண்டின் பிற்பகுதியில் செம்பனைக் குலைகளின் வரத்து கூடும்போது, நான் கணக்கெழுதும் எண்ணெய் ஆலையின் எடை மேடைக்கு முன்னால் லாரிகள் பெரிய சாலை வரை வரிசை பிடித்து நிற்கும். கடைசி லாரியை நிறுத்து, சீட்டில் கையெழுத்து வாங்கி, மேசையைப் பூட்டிவிட்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி 7 ஆகியிருக்கும். படிவம் 2 இல் படிக்கும் மகளை 8.15 மணி டியூஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ராவாங்கில் இரவு ஷிப்ட் பார்க்கும் கணவர் 9 மணிக்கு மோட்டாரைக் கிளப்பிவிடுவார். இனிப்பு நீர் என்னும் நீரிழிவு உள்ள மாமியார் 8 மணிக்குள் சாப்பிட்டு மாத்திரை போட்டாக வேண்டும். குளிக்கும் நேரம் போகச் சமையலுக்கு எனக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். கோழிக்கு அது போதாது. மீன் என்றால் சின்னவன் முள்ளுக்குப் பயந்து பாதித் தட்டிலேயே எழுந்துவிடுவான். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது, பெரும்பாலும் புதன்கிழமையில், எங்கள் வீட்டு அடுப்பில் இறால் ஏறும்.

எங்கள் ஊரின் அதிகாரப்பூர்வமான பெயர் பெஸ்தாரி ஜெயா. ஆனாலும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917 ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கினார். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். நட்டது என்னவோ செம்பனை. கண்ணுக்கு எட்டிய வரை செம்பனையே தெரிவதால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடல் வெகு தொலைவில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. காரில் போனால் அரை மணி நேரம். இப்போது அரை மணி நேரமாகிவிட்ட அந்தத் தூரம் ஒரு காலத்தில் எங்கள் வீட்டு இறாலின் ருசியையே தீர்மானித்தது என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் விளங்கியது.

திருமணமான புதிதில் நான் செய்த முதல் இறால் பெரட்டலை வாயில் வைத்த மாமியார், மென்றுவிட்டுத் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். "வேகலையேம்மா. பச்சை வாடை அடிக்குது பாரு. இன்னும் ஒரு பத்து நிமிசம் மூடி வை." புது மருமகள் மறுத்துப் பேச முடியுமா? மூடி வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது, விரல் நீளம் இருந்த இறால்கள் மோதிர விரலின் நுனியளவுக்குச் சுருங்கிக் குழம்புக்குள் உருண்டுகொண்டிருந்தன. மாமியார் திருப்தியாகச் சாப்பிட்டார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கைக்கு இறாலும் ரப்பராக இருந்தால்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று என் கணவர் அன்று வாய் தவறிச் சொல்லி, அதற்கு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்தின் மேல் எனக்கும் மாமியாருக்கும் நடந்த வழக்கு அதற்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் நீடித்தது. நான் சீக்கிரம் இறக்குவேன். அவர் திரும்ப ஏற்றுவார்.

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவில், முறுக்கு பிழிந்துகொண்டே, தோட்டத்தில் இருந்தபோது இறால் எப்படிக் கிடைத்தது என்று அவரிடம் கேட்டேன். மீன்காரர் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி, மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டியோடு வருவாராம். வழியில் உள்ள தோட்டங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு எங்கள் மாமியாரின் லயத்துக்கு அவர் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும், ஐஸ் தண்ணீராகியிருக்கும். இவரோ தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி, பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருப்பார். ஐஸ்பெட்டி கிடையாது. தோட்டத்து மின்சாரமும் இரவில் சில மணி நேரந்தான். வாங்கிய இறாலை அந்த நிமிடமே மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, புளியைக் கரைத்து ஊற்றி, விறகடுப்பில் சுண்டச் சுண்டக் கொதிக்க வைத்துவிடுவார்களாம். அப்படி வைத்த குழம்பைக் காலையும் மாலையும் சூடுகாட்டினால் இரண்டு நாளைக்குத் தாங்கும்.

எனக்கு அப்போது ஆலைதான் நினைவுக்கு வந்தது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்று லாரிக்காரர்களிடம் நாங்கள் மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. பழம் அடிபட்டதுமே அதற்குள் இருக்கும் ஒரு நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டத் தொடங்கிவிடும். நீராவியில் அவித்து அந்த நொதியை அடக்கினால்தான் எண்ணெய் தப்பும். இறாலுக்கும் இதே விதிதான். அதன் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. உயிரோடு இருக்கும்வரை இரையைச் செரிக்க உதவும் அவை, இறால் செத்த பிறகு அதன் சதைக்குள்ளேயே கசிந்து, தலையை ஒட்டிய பகுதியிலிருந்து கூழாக்கத் தொடங்கும். அதன் மேல் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். ஐஸ் இல்லாத நண்பகலில் கையில் கிடைத்த இறாலை அரை மணி நேரம் புளியில் கொதிக்க வைத்தது மாமியாரின் அறியாமையன்று. அந்த இறாலுக்கு அதுதான் சரியான சமையல். கைக்கு வரும் இறால் மாறிய பிறகும் சமையல் நேரம் மாறாமல் போனதுதான் கோளாறு. இது தெரிந்த பிறகு நான் அவரோடு வாதாடுவதை நிறுத்திக்கொண்டு, இறால் வாங்கும் முறையில் கவனம் செலுத்தினேன். வார நாளில் மூன்று நிமிடத்தில் வேகக்கூடிய இறால் வேண்டுமென்றால் அதற்கான வேலை ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுகிறது.

மாதம் இரண்டு ஞாயிறுகளில் காலை 7 மணிக்கெல்லாம் நாங்கள் கோல சிலாங்கூர்ப் பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனாம்பாங்கில் இருப்போம். ஆற்றின் வடகரையில் உள்ள மீனவர் குடியிருப்பு அது. படகிலிருந்து இறங்கும் வெள்ளை இறால், உடலில் கறுப்புப் பட்டை ஓடும் புலி இறால், பண்ணையில் வளர்த்த வன்னாமேய் ஆகிய மூன்றுந்தான் பெரும்பாலும் கிடைக்கும். வன்னாமேய் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்டது. இங்கே வளர்க்கக் கொண்டுவரப்பட்டது. கடல் இறாலோடு ஒப்பிட்டால் அதன் ருசி சற்று மட்டு என்பார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் காரமான பெரட்டலில் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அளவு ஒரே சீராக இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்துவிடும் என்பதே புதன்கிழமைச் சமையலுக்குப் பெரிய உதவி. புலி இறாலை விருந்தாளிகளுக்காக வாங்குவேன். கிலோவுக்கு 40, 50 என்று எண்ணிக்கை வரும் நடுத்தர இறால்தான் அவசரச் சமையலுக்கு உகந்தது. மிகச் சிறியதை உரிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஊடாங் காலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எங்கள் ஆற்றுக்குக் கோபம் வரும். நீலக் கொடுக்கும் பெருந்தலையும் கொண்ட அந்த நன்னீர் இறாலுக்காகச் சிலாங்கூர் ஆற்றில் தூண்டில் போட்டு இரவெல்லாம் காத்துக்கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதை ஷாவோ வென் லிங் என்ற ஆய்வாளர் 1961 ஆம் ஆண்டில் பினாங்கில்தான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்று அது பண்ணைகளில் வளர்வதற்கு அந்தக் கண்டுபிடிப்பே தொடக்கம். ஆனால் அதன் எடையில் பெரும் பங்கு தலைக்கே போய்விடும்; விலையும் எட்டாது. வார நாளில் அதை வாங்கிச் சமைப்பவர் ஒன்று தூண்டில்காரராக இருக்க வேண்டும், அல்லது அவருடைய மைத்துனராக இருக்க வேண்டும்.

வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று: ஓடு சதையோடு ஒட்டி இறுகியிருக்கிறதா, தலை உடம்போடு உறுதியாக இருக்கிறதா, மூக்கருகே வைத்தால் கடல் மணக்கிறதா. கண்ணை எரிக்கும் மூத்திர நெடி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வர வேண்டும். கறுப்பு வேறு கதை. ஒருமுறை ஒரு கிலோ இறாலை ஐஸ் இல்லாமல் காரில் வைத்துவிட்டு, திருமண வீடு ஒன்றில் தலைகாட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் தலைகளெல்லாம் மை பூசியது போல் கறுத்திருந்தன. அழுகிவிட்டது என்று முழுவதையும் கொட்டினேன். வெட்டிய கத்தரிக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதைப் போலவே, இறாலின் உடம்பில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து அந்தக் கறுப்பை உண்டாக்குகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். கறுப்பு மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளமாகிவிடாது. மோந்து பார்க்காமல் கொட்டியது என் தவறு. அன்றிலிருந்து காரின் பின்னால் பழைய ஐஸ் தோம்பு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. இறாலுக்குக் கீழேயும் மேலேயும் ஐஸ் போட்டால் கறுப்பும் தாமதமாகும், சதையும் தளராது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தலையைக் கிள்ளுவது. செரிமானச் சுரப்பி இருக்கும் இடம் அதுதான் என்பதால், மற்ற வேலை எதுவானாலும் அதற்குப் பிறகே. ஓட்டை வயிற்றுப் பக்கத்திலிருந்து பிரித்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். முதுகை லேசாகக் கீறி அந்தக் கறுப்பு இழையை எடுக்க வேண்டும். நரம்பு என்று நாம் சொன்னாலும் அது இறாலின் குடல். அதைத் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. பல்லில் மண் கடிபடும், அவ்வளவுதான். இந்த வேலையில் மாமியாரை மிஞ்ச ஆளில்லை. முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தாரென்றால் நான் ஒரு கை உரிப்பதற்குள் அவர் மூன்று கை உரித்துவிடுவார். தலையோடு ஒரு கிலோ வாங்கினால் சுத்தம் செய்த பிறகு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். எங்கள் ஐந்து பேருக்கு அது இரண்டு இரவுச் சாப்பாடு.

அந்த இரண்டு இரவையும் ஒன்றாகக் கட்டி உறைய வைத்த அறிவீனமும் என் கணக்கில் உண்டு. அத்தனை இறாலையும் ஒரே பையில் போட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் திணித்தேன். புதன்கிழமை இரவு 7.10க்கு அதை எடுத்தபோது செங்கல் போலிருந்தது. தேங்காய் உடைக்கும் கத்தியின் பின்புறத்தால் நான் அதை இடித்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னா, வீடு ரிப்பேரா?" என்று கேட்டார். அன்றைய சாப்பாடு கடையில் கட்டி வாங்கிய மீ கோரெங், தாப்பாவ். இப்போது நான் ஒரு வேளைக்கான இறாலை ஒரு பையில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, புத்தகம் போல் தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுகிறேன். தண்ணீர் சுற்றி உறைவதால் காற்றுப் பட்டுச் சதை வறண்டுபோகாது. தட்டையாக இருப்பதால் சீக்கிரம் இளகும். ஓடும் தலையும் வேறு பையில் போகும். அவற்றின் கதை பிறகு.

இனி புதன்கிழமை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்பே இறால் பையைப் பிரிக்காமல் பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிடுவேன். அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்து அழுத்திவிடுவேன். பிறகு குளியல். நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது ஒரு முறை தண்ணீரை மாற்றினால் இறால் ஏறக்குறைய இளகியிருக்கும். அவசரத்தில் சுடுதண்ணீர் ஊற்றும் சபலம் எல்லோருக்கும் வரும். ஊற்றினால் வெளிப்புறம் அரைவேக்காடாகி, உள்ளே கல்லாக நிற்கும். இளகிய இறாலை வடிகட்டி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் இறால் தண்ணீர் விட்டுவிட்டது என்று குறைப்படுவார்கள். ஈரமான இறாலைச் சூடான சட்டியில் போட்டால் அது வதங்காது. தன் தண்ணீரிலேயே அவிந்து போகும். ஒற்றிய இறாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் சிட்டிகை மிளகுத் தூளும் பிசறினால் போதும்.

பெரட்டலுக்கு இரண்டு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி, இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி. சின்ன வெங்காயத்தின் இனிப்புக்கு ஈடில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை உரிக்க மாமியாருக்கு நேரமிருக்கும் நாளில் மட்டுமே அது எங்கள் வீட்டில் சேரும். குவாலி என்னும் குழிந்த இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறாலை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புவேன். ஒரு நிமிடம் அப்படியே விட வேண்டும். கரண்டியால் குடையக் கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு புரட்டு, இன்னும் அரை நிமிடம், பிறகு எல்லாவற்றையும் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். நடுவில் இன்னும் கொஞ்சம் கண்ணாடி போல் தெரியும். தெரியட்டும்.

இறால் சூடுபட்டதும் சிவப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே மாயமாக இருந்த ஒன்று. அந்தச் சிவப்பு நிறமி இறாலில் முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்திருப்பதால் வெளியே சாம்பலும் நீலமுமாகத் தெரிகிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் நிறமி விடுபட்டுச் சிவப்பாகிறது. அந்த நிறமி எண்ணெயில் கரையக்கூடியது. அதனால்தான் இறாலை எடுத்த பிறகு குவாலியில் மிஞ்சும் எண்ணெய் செம்பனை எண்ணெய் ஆலையில் வடிவது போல் செம்மஞ்சளாக நிற்கிறது. மசாலாவை அந்த எண்ணெயிலேயே வதக்க வேண்டும். சோம்பு, ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, பிறகு வெங்காயம். வெங்காயம் ஓரம் சிவந்ததும் இஞ்சி பூண்டு, தக்காளி, கடையில் வாங்கும் மீன் கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர்.

ஏழெட்டு ஆண்டு வழக்குக்குத் தீர்ப்பு இந்த இடத்தில்தான் கிடைத்தது. ஒரு நாள் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போதே எடை மேடையிலிருந்து தொலைபேசி வந்து, ஒரு லாரியின் கணக்கு உதைக்கிறது என்று பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்குள் மசாலா எண்ணெய் பிரிந்து, அடியில் பிடிக்கும் பக்குவத்துக்கு வந்திருந்தது. சரி போகட்டும் என்று இறாலைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி இறக்கினேன். மாமியார் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். வழக்கத்தைவிடக் குறைவாகவே வெந்த இறால் அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்ன பச்சை வாடை இத்தனை ஆண்டுகளும் உண்மையாகவே இருந்திருக்கிறது. அது இறாலின் வாடையாக இல்லாமல், அவசரக்காரியான நான் வேகவிடாத கறித்தூளின் வாடையாக இருந்திருக்கிறது. இறாலும் மசாலாவும் ஒரே சட்டியில் ஒன்றாகக் கொதிக்கும் குழம்பில் பழகிய நாக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. பத்து நிமிடம் மூடி வை என்று அவர் சொன்னதும் சரிதான்; மூட வேண்டியது இறால் போடுவதற்கு முன்பு.

ஆகவே இப்போது மசாலாவுக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் தாராளமாகக் கொடுக்கிறேன். தண்ணீர் வற்றி, எண்ணெய் ஓரங்களில் கசிந்து, தூளின் நிறம் செங்கல்லிலிருந்து காப்பிக்கு மாறி, மூக்கில் ஏறும் காரம் தணிந்து மணமாகும்வரை கரண்டியை விடுவதில்லை. தட்டிலிருக்கும் இறாலை அதில் வடிந்திருக்கும் சாற்றோடு சேர்த்துப் போட்டு, பெருந்தீயில் ஒரு நிமிடம் புரட்டி, அடுப்பை அணைத்துவிடுவேன். குவாலியின் சூடே மிச்சத்தை முடித்துவிடும். இறாலின் சதை 60 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டினாலே வெந்துவிடுகிறது. அதற்கு மேலும் தீயில் நின்றால் தசைநார்கள் இறுகி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். பிறைபோல் வளைந்திருந்தால் பதம். வால் தலையைத் தொடும் அளவுக்கு வளையமாகச் சுருண்டிருந்தால் கைமீறிவிட்டது. அணைத்த பிறகு அரை எலுமிச்சைச் சாறு பிழிந்து, மல்லித்தழை தூவுவேன். புளிப்பை முன்னதாகச் சேர்த்தால் சதை இன்னும் இறுகும்.

சீனர் கடைகளில் இறால் கடித்தவுடன் நொறுங்குவது போல் தெறிக்கிறதே, அது எப்படி என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, சிரித்துக்கொண்டே சோடா உப்புப் பொட்டலத்தைக் காட்டினார். 300 கிராம் இறாலுக்குக் கால் தேக்கரண்டி பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்துக் கழுவினால், சதையின் அமிலத்தன்மை குறைந்து, வேகும்போது நீரை இழக்காமல் நிற்கிறது. செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறாலின் ருசியில் ஏதோ ஒன்று அடங்கிவிடுவதாக எனக்குப் பட்டது. நல்ல இறாலுக்கு அது வேண்டியதில்லை. பேரங்காடியில் வாங்கிய பழைய உறைபொட்டலத்துக்கு மட்டும் செய்கிறேன்.

சோறு குக்கரில் தயாராகும்போது அதே குவாலியைக் கழுவாமல் ஒரு கட்டுக் காங்கோங் கீரையைப் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மசாலாவோடு இரண்டு நிமிடம் வதக்கிவிட்டால் கூட்டும் ஆயிற்று. சில வாரங்களில் கறித்தூளுக்குப் பதிலாக அரைத்த மிளகாயும், பெலாச்சான் என்னும் புளித்த இறால் விழுதைச் சுட்டதும் சேர்த்துச் சம்பாலாகச் செய்வேன். முறை அதேதான், மிளகாய் எண்ணெய் பிரிய வதங்கிய பிறகே இறால். சின்னவனுக்கு மட்டும் காரம் போடுவதற்கு முன்பே நான்கு இறாலை எடுத்துக் கிச்சாப் என்னும் சோயா சாஸில் புரட்டித் தனியே வைத்துவிடுவேன். அப்படியும் என் தட்டிலிருந்து எடுப்பான்.

தலையும் ஓடும் இருக்கின்றனவே, அவற்றை நான் குப்பையில் போடுவதில்லை. எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், ஞாயிற்றுக்கிழமைச் சொதிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. கொலஸ்ட்ரால் விஷயத்தில் மாமியாருக்கு ஒரு அளவு உண்டு. 100 கிராம் இறாலில் 150 மில்லிகிராமுக்குக் குறையாத கொலஸ்ட்ரால் இருக்கிறது. கொழுப்பு மிகக் குறைவு, புரதமோ 20 கிராமை ஒட்டி வரும். ஆகவே வாரத்துக்கு ஒரு வேளை, ஆறு இறால், தலை கிடையாது என்று நானும் அவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். தலையைச் சப்புவதுதான் இறாலின் சுகமே என்று அவர் இன்றும் புலம்புவார்.

போன மாதம் ஒரு புதன்கிழமையில், ஆலையில் லாரி வரிசை குறையாமல் நின்றதால் நான் வீடு வரும்போது 7.40 ஆகிவிட்டது. தாப்பாவ் வாங்கிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு வாசலிலேயே கறிவேப்பிலை வதங்கிய மணம் வந்தது. சோறு ஆகியிருந்தது. குவாலியில் மசாலா எண்ணெய் பிரிந்து, அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய அரைவேக்காட்டு இறால். "போடலையா அத்தை?" என்றேன். "அந்த ஒரு நிமிசக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. நீயே வந்து போட்டுக்கம்மா" என்றார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அடுப்பைப் பற்றவைத்து, இறாலைக் கொட்டிப் புரட்டி, ஒரு நிமிடத்தில் அணைத்தேன். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். கணவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடத் தொடங்கினார். நான் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோது, மாமியார் தம் பங்கான ஆறு இறாலை மட்டும் சின்னச் சட்டி ஒன்றில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தட்டால் மூடி, மெல்லிய தீயில் வைத்துக்கொண்டிருந்தார்.